ஊறப் போட்டாயா?

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கி வரும்படி அம்மா என்னை மளிகைக் கடைக்கு அனுப்பினார். கடை வாசலில் வரிசையாகச் சாக்குகள் இருந்தன. அவற்றுள் மூன்றில் மஞ்சள் நிறப் பருப்பு! எது துவரம்பருப்பு என்று கடைக்காரரிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. கண்ணுக்கு எது அழகாகப் பட்டதோ அதை நிறுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று சாம்பாருக்காக அடுப்பில் ஏறிய பருப்பு ஒரு மணி நேரமாகியும் கரையவே இல்லை. அம்மா அகப்பையால் கொஞ்சம் எடுத்து நசுக்கிப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாங்கி வந்தது கடலைப்பருப்பு.

பாட்டி மட்டும் சிரித்தார். "விடும்மா, பிள்ளைக்கு என்ன தெரியும்? மிச்சப் பருப்பை ஊறப் போடு, சாயங்காலம் மசால்வடை சுட்டுவிடலாம்," என்றார். அன்று மதியம் சாம்பார் தண்ணீராக இருந்தது. மாலையில் வடை மொறுமொறுவென்று இருந்தது.

இந்த இரண்டு பருப்புகளும் பார்வைக்கு உடன்பிறந்தவை போலத் தோன்றினாலும், உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். துவரம்பருப்பு சிறியது, ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் இலேசாகக் குவிந்தும், ஏறத்தாழ வட்டமாக இருக்கும். கடலைப்பருப்பு அதைவிடப் பெரியது, தடித்தது. மேற்புறம் வழவழப்பாக இல்லாமல் சற்று மேடு பள்ளமாக இருக்கும். அன்று மூன்றாவது சாக்கில் இருந்தது பட்டாணிப் பருப்பு என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். இப்போது பைகளில் பெயரை அச்சிட்டே விற்கிறார்கள். ஆனால், வீட்டுக்கு வந்ததும் அவற்றைப் பெயர் எழுதாத போத்தல்களில் கொட்டிவிடுகிறோம். ஆகவே, சிக்கல் கடையிலிருந்து சமையலறைக்கு இடம் மாறியிருக்கிறதே தவிர, தீர்ந்துவிடவில்லை.

ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தாலும் ஒரு பருப்பு கரைகிறது. இன்னொன்று உருக்குலையாமல் நிற்கிறது. வேறொரு பயறு அரைத்தால் பொங்குகிறது. மற்றொன்று ஈரம் பட்டால் வால் முளைத்து நிற்கிறது. இவற்றின் இயல்பை அறிந்தவர்களே நல்ல சமையற்காரர்கள். அந்த இயல்புகளைப் பற்றித்தான் இங்குப் பார்க்கப் போகிறோம்.

முதலில் விதை என்றால் என்ன என்று பார்ப்போம். விதை என்பது தாய்ச்செடி தன் பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்கும் கட்டுச்சோறு. உள்ளே மிகச் சிறிய முளைக்கரு இருக்கிறது. அதற்கு வேண்டிய புரதமும் மாவுச்சத்தும் இரண்டு தடித்த வித்திலைகளில் நிரப்பப்பட்டிருக்கின்றன. அவற்றைச் சுற்றி உறுதியான தோல். மழை வரும்வரை இந்த விதை மாதக்கணக்கில் மண்ணில் காத்திருக்க வேண்டியிருக்கலாம். அதற்குள் பூச்சியோ பூஞ்சையோ அதைத் தின்றுவிடக் கூடாது. அதனால்தான் அது கல்லைப்போல் காய்ந்து கிடக்கிறது. சில விதைகளில் நச்சுப் பொருளும் இருக்கிறது. செடி தன் பிள்ளைக்காகக் கட்டிய சோற்று மூட்டையை நமக்காக அவிழ்ப்பது எப்படி? பயறுகளைக் கொண்டு செய்யும் ஒவ்வொரு சமையலும் இந்தக் கேள்விக்குக் கிடைத்த ஒரு விடைதான். நம் நாட்டில் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் வேறு வேறு விடைகளைத் தம் அடுப்படிகளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

சொற்களையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்வோம். தோலுடன் முழுதாக இருக்கும் விதையைப் பொதுவாகப் பயறு என்கிறோம். தோலை நீக்கி இரண்டாக உடைத்தால் அது பருப்பு. பச்சைப்பயற்றை உடைத்தால் பாசிப்பருப்பு. உளுந்தை உடைத்தால் உளுத்தம்பருப்பு. இவை எல்லாம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அது மிகப் பெரிய குடும்பம். ஏறத்தாழ 20,000 வகைத் தாவரங்கள் அதில் உள்ளன. சாலையோரம் குடைபோல் விரிந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரமும், நீங்கள் பொறுக்கி விளையாடும் சிவப்பு மஞ்சாடி விதையைத் தரும் சாகா மரமும் அவரையின் உறவினர்களே. புளியமரமும் அப்படித்தான். வெந்தயமும் அப்படித்தான். அப்படியென்றால், ஒரு குவளைச் சாம்பாரில் துவரம்பருப்பு, புளி, வெந்தயம் என ஒரே குடும்பத்தின் மூன்று உறுப்பினர்கள் கூடியிருக்கிறார்கள். அதில் பயற்றங்காயையும் நறுக்கிப் போட்டால் நான்கு பேர்!

பயற்றைத் திறக்கும் எளிய வழி, அதை உடைத்து வேகவைப்பதுதான். தோல் போய்விட்டால் நீர் உள்ளே எளிதில் புகுந்துவிடும். துவரம்பருப்பு இப்படித்தான் குழைகிறது. சூடான நீரில் அதன் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் கரைய, பருப்பு மசிந்து குழம்பாகிவிடுகிறது. மைசூர்ப்பருப்பு இன்னும் விரைவில் வேகும். ஊறவைக்கத் தேவையில்லை, இருபது நிமிடம் போதும். பச்சையாக இருக்கும்போது செம்மஞ்சள் நிறத்தில் அழகாக இருக்கும் அது, வெந்ததும் சாதாரண மஞ்சளாகிவிடும். காலையில் ரொட்டி சானாயுடன் ஊற்றித் தரும் பருப்புக் கறியை எந்தப் பருப்பில் வைப்பது என்பது கடைக்குக் கடை மாறுபடும். துவரை, மைசூர், பட்டாணி மூன்றையும் பார்க்கலாம். இரண்டைக் கலப்பவர்களும் உண்டு. மைசூர்ப்பருப்பைப் பற்றி இன்னொரு செய்தி. மூக்குக்கண்ணாடியிலும் கேமராவிலும் இருக்கும் கண்ணாடி வில்லையை லென்ஸ் என்கிறோம் அல்லவா? அந்தச் சொல் இலத்தீன் மொழியில் இந்தப் பயற்றின் பெயர். இரு பக்கமும் குவிந்த கண்ணாடி, தோலுடன் இருக்கும் முழுப் பயற்றைப் போல இருந்ததால் அதற்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள்.

சாம்பார் வைப்பவர்கள் பருப்பு நன்றாக வெந்த பிறகுதான் புளியைக் கரைத்து ஊற்றுவார்கள். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான் செய்யணும்" என்று பதில் வரும். உண்மையான காரணம் பெக்டினில் இருக்கிறது. புளிப்பு இருக்கும் நீரில் பெக்டின் எளிதில் கரையாது. முதலிலேயே புளியை ஊற்றினால் பருப்பு நெடுநேரம் கொதித்தும் விறைப்பாகவே நிற்கும். பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த பழைய பருப்பும் இப்படித்தான் வேக மறுக்கும். அதற்குப் புளி காரணமன்று, வயதுதான் காரணம். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில் பருப்பு விரைவில் கெட்டித்தன்மை அடைந்துவிடும் என்பதால், ஆறு மாதத்திற்கு ஒரே தடவையாக வாங்கி அடுக்கி வைப்பது அறிவுடைமை ஆகாது.

நான் அன்று வாங்கி வந்த கடலைப்பருப்புக்கு வருவோம். அது கொண்டைக்கடலையை உடைத்துக் கிடைப்பது. உண்மையில், கொண்டைக்கடலை என்னும் ஒரே செடியின் விதைக்கு நம் சமையலறையில் பல வேடங்கள் உண்டு. கறுப்பாகவும் சிறியதாகவும் இருப்பது கறுப்புக் கொண்டைக்கடலை. பெரியதாகவும் வெளிறியும் இருப்பது வெள்ளைக் கொண்டைக்கடலை. உடைத்தால் கடலைப்பருப்பு. அதை மாவாக அரைத்தால் பஜ்ஜிக்கும் பக்கோடாவுக்கும் உதவும் கடலைமாவு. கடலையை வறுத்துத் தோல் நீக்கினால் தேங்காய்ச் சட்னிக்கு உதவும் பொட்டுக்கடலை. குழையாத குணம்தான் இதன் சிறப்பு. அதனால்தான் நவராத்திரிச் சுண்டலில் ஒவ்வொரு கடலையும் தனித்தனியாக உருண்டு நிற்கிறது. மசால்வடையிலும் இதே குணம்தான் உதவுகிறது. இரண்டு மணி நேரம் ஊறிய பருப்பை ஒன்றிரண்டாக அரைத்து, வெங்காயம், சோம்பு, கறிவேப்பிலை, மிளகாய் சேர்த்துத் தட்டி எண்ணெயில் போட்டால், அரைபடாத பருப்புகள் மேற்புறத்தில் பொரிந்து மொறுமொறுப்பைத் தருகின்றன. துவரம்பருப்பை அளவோடு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால், விழுதாக அரைத்துவிட்டால் வடை கல்லாகிவிடும்.

இந்தக் கடலைக்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு தனி வரலாறு இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அவித்த கடலையையும் வறுத்த கடலையையும் தட்டில் வைத்துத் தலையில் சுமந்து, தெருத் தெருவாக விற்றார்கள். திரையரங்குகளின் வாசலில் நின்றும் விற்றார்கள். பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டி அதில் அள்ளிக் கொடுப்பார்கள். மலாய் மொழியில் அதற்குக் கச்சாங் பூத்தே, அதாவது வெள்ளைக் கடலை, என்று பெயர். காலப்போக்கில் பச்சைப் பட்டாணி, நிலக்கடலை, முறுக்கு, பக்கோடா எல்லாம் அந்தத் தட்டில் சேர்ந்துகொண்டன. பெயர் மட்டும் மாறவில்லை. ஈப்போவின் புந்தோங் பகுதியில் கம்போங் கச்சாங் பூத்தே என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்து வருகின்றன. ஒரு தின்பண்டத்தின் பெயரையே ஊர்ப் பெயராகப் பெறும் பெருமை எல்லாத் தின்பண்டங்களுக்கும் கிடைப்பதில்லை.

இனி உளுந்து. எனக்கு எல்லாப் பயறுகளிலும் உளுந்தின் மீதுதான் வியப்பு அதிகம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலையானால் பாட்டியின் குரல் தவறாமல் கேட்கும்: "உளுந்தை ஊறப் போட்டாயா?" அம்மா மறந்திருந்தால் சனிக்கிழமைத் தோசை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகும். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய குற்றம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஊறிய உளுந்தை விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று இருக்கும். வேறு பயறுகளில் இந்த அளவு வழவழப்பு இல்லை. உளுந்தில் உள்ள ஒருவகைப் பசைப் பொருளும் புரதமும் சேர்ந்து இதைத் தருகின்றன. அரைக்கும்போது இந்தப் பசை காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரு குவளை உளுந்து அரைபட்டு முடிந்ததும் பாத்திரம் நிறையப் பொங்கி, வெண்ணெயைப்போல் மிருதுவாக நிற்கிறது. வடைக்கு மாவு பதமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் சிறிது மாவைக் கிள்ளிப் போட வேண்டும். மிதந்தால் உள்ளே போதுமான காற்று இருக்கிறது. வடை பஞ்சுபோல் வரும். மூழ்கினால் இன்னும் அடித்துக் கலக்க வேண்டும். இதில் தண்ணீரின் அளவுதான் முக்கியம். மாவு அரைபடவில்லையே என்று அவசரப்பட்டு ஒரு கை நீர் கூடுதலாக ஊற்றிவிட்டால், வடை எண்ணெயைக் குடித்துவிடும்.

இட்லிக்கும் தோசைக்கும் இதே உளுந்து வேறொரு வேலையைச் செய்கிறது. அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக ஊறவைத்து, தனித்தனியாக அரைத்து, உப்பிட்டுக் கையால் கலந்து மூடி வைக்கிறோம். கடையில் வாங்கிய ஈஸ்ட் எதையும் நாம் சேர்ப்பதில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள்தான் இதற்குக் காரணம். அவை மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று, புளிப்பையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. அரிசிமாவு மட்டும் இருந்தால் அந்த வாயு குமிழி விட்டு வெளியேறிவிடும். உளுந்தின் பசை அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் இட்லியில் ஆயிரம் சிறு துளைகள் உண்டாகின்றன. சாதாரணமாக நான்கு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது கணக்கு. உளுந்து பழையதாக இருந்தால் சற்றுக் கூட்டிப் போடுவார்கள். சிறிதளவு வெந்தயமும் சேர்ப்பதுண்டு. அதுவும் ஊறினால் பசையாகும் விதைதான்.

நம் நாட்டின் வெப்பத்தில் மாவு புளிக்க ஓர் இரவு போதும். குளிர்சாதனம் ஓடும் அறையில் வைத்தால் பொழுது விடிந்த பிறகும் மாவு தூங்கிக்கொண்டிருக்கும். குளிர்ப்பிரதேசங்களில் படிக்கப் போன மாணவர்கள் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைத்த கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

உளுந்து காற்றால் திறக்கிறது என்றால், பச்சைப்பயறு தானே கதவைத் திறந்துகொள்கிறது. அதை ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து, இருட்டில் வைத்து, அடிக்கடி ஈரப்படுத்திக்கொண்டே இருந்தால் நான்கைந்து நாளில் தௌகே கிடைத்துவிடும். வெளிச்சம் படாததால்தான் அது பச்சை நிறம் பெறாமல் வெள்ளையாக வளர்கிறது. முளைக்கும்போது விதைக்குள் ஒரு மாற்றம் நிகழ்கிறது. காய்ந்த பயற்றில் ஏறத்தாழ இல்லாத வைட்டமின் சி, முளைவிட்டதும் உண்டாகத் தொடங்குகிறது. ஈப்போவில் குட்டையாகவும் குண்டாகவும் இருக்கும் தௌகேயை அவித்த கோழியுடன் பரிமாறுவார்கள். சுற்றிலும் உள்ள சுண்ணாம்புக் குன்றுகளின் நீர்தான் அதன் சுவைக்குக் காரணம் என்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கை. மெங்லெம்புவின் வறுத்த நிலக்கடலைக்கும் ஈப்போ வட்டாரமே தாயகம் என்பதால், அந்த ஊரைப் பயறுகளின் தலைநகரம் என்று நானாகவே பட்டம் சூட்டி வைத்திருக்கிறேன்.

பச்சைப்பயறு இனிப்பிலும் கைகொடுக்கும். தேங்காய்ப்பாலும் குலா மெலாக்கா என்னும் தென்னை வெல்லமும் சேர்த்துக் காய்ச்சும் புபோர் கச்சாங் ஹிஜாவை மலாய் நண்பர்கள் வீட்டில் சாப்பிட்டிருப்பீர்கள். அதே பயற்றை உடைத்த பாசிப்பருப்பில் நாம் பாயசமும் சர்க்கரைப் பொங்கலும் செய்கிறோம். இரண்டையும் அருகருகே வைத்துச் சுவைத்தால், தேங்காய்ப்பாலும் வெல்லமும் பயறும் ஒன்றுதான். ஏலக்காயும் பாண்டான் இலையும்தான் வேறு என்பது விளங்கும். சீனர்களின் தௌ சுவான் என்னும் இனிப்பும் பாசிப்பருப்பால் ஆனதுதான். கண்ணாடிபோல் தெரியும் தங்ஹூன் சேமியாவும் பச்சைப்பயற்றின் மாவுச்சத்திலிருந்து செய்யப்படுவதே. அதை அரிசியில் செய்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சோயா மற்றப் பயறுகளைப் போல எளிதில் மசிவதில்லை. புரதம் மிக அதிகம். காய்ந்த விதையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதுதான். ஆனால், வெறுமனே வேகவைத்தால் அது கெட்டியாகவே இருக்கும், செரிப்பதும் கடினம். சீனர்கள் அதை ஊறவைத்து அரைத்துப் பாலாக்கினார்கள். அந்தப் பாலை நன்கு கொதிக்கவைத்து, அதில் ஜிப்சம் போன்ற உப்பைச் சேர்த்தால், எலுமிச்சைச் சாறு விட்ட பசும்பாலைப்போல் திரண்டுவிடும். திரண்டதை அழுத்தி நீரை வடித்தால் தௌஹூ. சோயாப்பால் காய்ச்சும்போது ஓர் எச்சரிக்கை தேவை. கொதிநிலையை அடையும் முன்பே அது நுரைத்துப் பொங்கும். கொதித்துவிட்டது என்று எண்ணி அடுப்பை அணைத்துவிடக் கூடாது. செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் அழிய அது உண்மையாகவே சில நிமிடங்கள் கொதிக்க வேண்டும்.

ஜாவா மக்கள் வேறு வழியைக் கண்டார்கள். வேகவைத்துத் தோல் நீக்கிய சோயாவில் ஒருவகைப் பூஞ்சையைக் கலந்து வாழையிலையில் பொதிந்து வைத்தார்கள். ஒன்றரை அல்லது இரண்டு நாளில் பூஞ்சையின் வெண்ணிற இழைகள் பயறுகளுக்கு இடையே ஓடி, எல்லாவற்றையும் ஒரே கட்டியாகப் பிணைத்துவிடும். அதுதான் தெம்பே. பூஞ்சை பிடித்த உணவைத் தூக்கி எறிய வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அது சரியான அறிவுரைதான். ஆனால், தெம்பேயில் நாமே தேர்ந்தெடுத்த பூஞ்சை, நமக்கு முன்பாகவே பயற்றைப் பாதி செரித்துக் கொடுத்துவிடுகிறது. மெல்லியதாக நறுக்கிப் பொரித்துச் சம்பாலில் புரட்டினால், இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு அதைவிடச் சிறந்த துணைக்கறி கிடைப்பது அரிது. கிச்சாப்பும் தௌச்சுவும் இதே சோயாவைப் புளிக்கவைத்துப் பெறுபவையே.

நிலக்கடலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் சாத்தே கோபித்துக்கொள்ளும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி வினோதமானது. தரைக்கு மேலே மஞ்சள் பூ பூக்கும். பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஒரு காம்பு கீழ்நோக்கி நீண்டு மண்ணுக்குள் புகுந்துகொள்ளும். காய் மண்ணுக்குள்ளேயே விளையும். தமிழில் நிலக்கடலை, மலாயிலும் கச்சாங் தானா, அதாவது மண் கடலை. இரண்டு மொழியினரும் ஒரே காட்சியைக் கண்டுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். நாசி லெமாக்கின் ஓரத்தில் வறுத்த கடலையாகவும், சாத்தேயின் குழம்பில் இடித்த கடலையாகவும், அப்பம் பாலேக்கின் நடுவில் சர்க்கரையுடனும் அதைச் சாப்பிடுகிறோம்.

சில அவரைகளைக் காயும்வரை காத்திருக்காமல் பச்சையாகவே சமைக்கிறோம். பயற்றங்காய், சிறகுபோல் நான்கு ஓரங்கள் கொண்ட கச்சாங் போத்தோல், வாசனையால் வீட்டையே இரண்டு கட்சியாகப் பிரிக்கும் பெத்தாய் ஆகியவை அப்படிப்பட்டவை. பயற்றங்காயும் சுண்டலுக்கு உதவும் தட்டைப்பயறும் ஒரே இனம் என்பது பலருக்குத் தெரியாது. ஒன்றின் நீண்ட இளங்காயைத் தின்கிறோம். மற்றொன்றின் முதிர்ந்த விதையைத் தின்கிறோம்.

இதுவரை சொன்னவற்றில் தவறு செய்தால் சாம்பார் தண்ணீராகும், வடை கல்லாகும். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. ஆனால், சிவப்பு ராஜ்மா அவரையின் கதை வேறு. அதன் பச்சை விதையில் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. சரியாக வேகாத நான்கைந்து விதைகளே ஒருவருக்குக் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கப் போதும். இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைத்தால் நச்சு அழியாது. பச்சை விதையில் இருப்பதைவிட அதிகமாகவும் கூடும். ஆகவே, மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் ராஜ்மாவை நேரடியாகப் போடக் கூடாது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். தகர டப்பாவில் வருபவை முன்பே வெந்தவை. அவற்றைப் பற்றி அஞ்ச வேண்டாம்.

ஃபாவா என்னும் பெரிய அவரையும் சிலருக்கு மட்டும் ஆபத்தானது. பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்கள் அதைத் தின்றால் இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதைந்துவிடக்கூடும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். உங்கள் பிறப்புப் பதிவேட்டில் அதன் முடிவு இருக்கலாம். ஒரு முறை பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள நண்பர் யாரேனும் வகுப்பில் இருந்தால், உணவைப் பகிர்ந்துகொள்ளும் முன் அதில் கடலை இருக்கிறதா என்று சொல்லிவிட வேண்டும். அந்த விஷயத்தில் வேடிக்கைக்கு இடமில்லை.

பயறுகளைத் தின்றால் வயிற்றில் வாயு சேர்கிறது என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நம் குடலால் செரிக்க முடியாத சிலவகைச் சர்க்கரைகளைக் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் தின்பதால் வாயு உண்டாகிறது. ஊறவைத்த நீரைக் கொட்டினால் அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி போய்விடும். "ஊறப் போட்டாயா?" என்று பாட்டி கேட்டதில் இதுவும் அடங்கும்.

பாட்டி இளமையில் பால்மரத் தோட்டத்தில் மரம் வெட்டியவர். கோழியும் ஆட்டிறைச்சியும் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான். மற்ற நாள்களில் சோறும் பருப்பும் கீரையும். ஏழைகளின் சாப்பாடு என்று அதைக் குறைத்துச் சொல்வார்கள். ஆனால், உணவியல் அதை அப்படிப் பார்ப்பதில்லை. அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய இருக்கிறது. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது போதிய அளவு இருக்கிறது. ஒன்றில் இல்லாததை மற்றொன்று நிரப்புகிறது. சோறும் சாம்பாரும், இட்லியும் சட்னியும், நாசியும் தெம்பேயும் எல்லாம் இந்தச் சோடிப் பொருத்தம்தான். இதை ஆய்வுக்கூடம் கண்டுபிடிப்பதற்கு முன்பே பசி கண்டுபிடித்திருந்தது. ஐக்கிய நாடுகள் அமைப்பு 2016ஆம் ஆண்டை அனைத்துலகப் பயறு ஆண்டாக அறிவித்தது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 10ஆம் நாள் உலகப் பயறு நாள்.

தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது பாட்டி ஒரு கொடியைக் குறிப்பிடுவார். புதிதாக நட்ட பால்மரக் கன்றுகளுக்கு இடையே, தரை தெரியாமல் படர்ந்திருக்குமாம். பாம்பு இருக்குமோ என்று அஞ்சி, காலால் தட்டித் தட்டி நடப்பார்களாம். அது களை அன்று; வேண்டுமென்றே விதைத்த மூடுபயிர். அதுவும் அவரைக் குடும்பம்தான். அவரைச் செடிகளின் வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் குடியிருக்கும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா, காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கித் தருகிறது. பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. கொடி மட்கும்போது அந்த உரம் மண்ணுக்குச் சேர்கிறது. இன்றும் பால்மரத் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் இந்தக் கொடிகளைப் படரவிடுகிறார்கள். பயற்றில் ஏன் இவ்வளவு புரதம் என்பதற்கும் இதுவே விடை. புரதத்தை உண்டாக்க நைட்ரஜன் வேண்டும்; அவரைச் செடிக்கு அதைத் தரும் ஆள் வேருக்குள்ளேயே குடியிருக்கிறார்.

பள்ளித் தோட்டத்தில் பயற்றங்காய்ச் செடி இருந்தால், ஒன்றை வேரோடு மெதுவாகப் பிடுங்கி, மண்ணை நீரில் அலசிவிட்டுப் பாருங்கள். மிளகு அளவில் உருண்டையாகச் சில முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கலாம். அந்த நிறம் தெரிந்தால், பிடுங்கும் நொடிவரை அது வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள்.